பெட்டிகள் வாயை மூடிய பிறகு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னலை முழுக்கச் சாத்த வேண்டாம், புழுங்கும்... ஒருக்களித்து வைத்தால் போதும். போனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள். முகத்தில் வெளிச்சம் அடித்தால் எனக்குச் சொல்ல வராது.

மத்தியானம் மூன்று மணி.

"பேய்க் கதைன்னு கூட்டி வச்சுட்டு மத்தியானம்கிறே?"

ஆமாம். மத்தியானம்தான். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நீளமான சாலை. இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட அலுவலகக் கட்டடங்கள், எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. தொடர்ந்தாற்போல் விடுமுறை. ஒரு வண்டி இல்லை. ஒரு நாய் இல்லை. சந்திப்பில் விளக்கு மட்டும் ஆளில்லாத சாலைக்குச் சிவப்பு, பச்சை, சிவப்பு என்று காட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாலையில் ஒரே ஒரு கார் போகிறது. ஓட்டுகிறவர் என் நண்பனின் அக்கா கணவர். நண்பன் அவரை அத்தான் என்பான். நானும் அப்படியே சொல்கிறேன்.

அத்தானே தன் வாயால் நண்பனிடம் சொன்னது இது. ஒரு தடவைதான் சொன்னார். இன்னொரு தடவை கேட்டதற்கு எழுந்து போய்விட்டார்.

அவருக்குப் போன் சிக்னல் சரிசெய்கிற வேலை. பெரிய கட்டடத்துக்குள் போன் சரியாக எடுக்காது, பார்த்திருப்பீர்கள். அதற்காகவே ஒவ்வொரு மாடியிலும் கூரையில் வெள்ளைப் பெட்டிகளை மாட்டிவிடுவார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி டவர். அத்தான் போன கட்டடம் பத்து மாடி. முதலில் மாட்டியவன், நிறைய மாட்டினால் நிறைய சிக்னல் என்று நினைத்துக் கை போன இடத்திலெல்லாம் மாட்டித் தள்ளியிருக்கிறான். ஒரே அறையில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? அதே கதைதான். போனில் சிக்னல் முழுசாகக் காட்டும். பேசினால் கரகரவென்று இழுத்து அறுந்துபோகும்.

வெறும் எரிச்சலாக இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பார்கள். ஆறாவது மாடியில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆம்புலன்ஸுக்கு அடிக்கிறார்கள்... அறுந்துபோகிறது. மறுபடி அடிக்கிறார்கள்... மறுபடி அறுந்துபோகிறது. கடைசியில் ஒரு பெண் படியிறங்கித் தெருவுக்கே ஓடிப்போய்ப் பேசியிருக்கிறாள். ஆள் பிழைத்துக்கொண்டார், மயிரிழையில். அதற்குப் பிறகுதான் அத்தானைக் கூப்பிட்டார்கள். விடுமுறை முடிந்து ஆட்கள் வருவதற்குள் சரியாகியிருக்க வேண்டும்.

அவரோடு வந்தது ஏணியம்மா. டெக்னீஷியன். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏணியில் அந்தம்மா ஏறுகிற வேகத்தைப் பார்த்து வைத்த பெயர். நேரில் கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டார்.

வாசலில் ஒரே ஒரு காவலாளி. அத்தான் அவரிடமும் போனை அணைத்துத் தரச் சொன்னார். தன் போன், ஏணியம்மா போன், காவலாளி போன்... மூன்றையும் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கட்டடத்துக்குள் வேறு எந்தப் போனும் உயிரோடு இருக்கக் கூடாது. அப்போதுதான் அளப்பது சரியாக வரும்.

வேலை ஒழுங்காகத்தான் போனது. அத்தான் கணினியில் ஒவ்வொரு பெட்டியின் சத்தத்தையும் குறைத்தார். அடுத்தடுத்து இருந்தவற்றுக்கு முறை வைத்தார்: நீ பேசும்போது அவன் சும்மா இருக்கட்டும், அவன் பேசும்போது நீ சும்மா இரு. சிலவற்றை நிறுத்தினார். ஏணியம்மா மாடி மாடியாக நடந்து அளவு பார்த்து வந்தார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. ஆனால் அதற்குக் கீழே இறங்கவே இல்லை. எங்கோ ஒன்று அடியில் இருந்துகொண்டே இருந்தது... அண்டை வீட்டில் யாரோ விடாமல் பேசுகிற மாதிரி.

"நம்ம பெட்டி எல்லாத்தையும் ஒரே நேரத்துல வாயை மூட வைக்கப்போறேன்" என்றார் அத்தான். "வகுப்புல வாத்தியார் 'எல்லாரும் பேசாம இரு'ம்பாரே, அது மாதிரி. அப்பவும் எவன் பேசுறானோ, அவன் மாட்டிக்குவான்."

"செய்யுங்க தம்பி. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்."

ஒரு பொத்தான்தான். அழுத்தினார். பத்து மாடியிலும் எல்லாப் பெட்டியும் ஒரே கணத்தில் அமைதியானது. அளக்கும் கருவியின் திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்தது. இனி அது எழும்பவே கூடாது.

எழும்பியது.

ஒரு சின்ன மேடு. அடங்கியது. மறுபடி, முன்னைவிடக் கொஞ்சம் உயரமாக. அடங்கியது. மறுபடி...

அத்தான் கருவியின் ஒலிப்பெருக்கியைத் திறந்துவிட்டார். டொக். இடைவெளி. டொக். இடைவெளி. டொக்...

ஒரு போன் எப்படி வேலை செய்யும் தெரியுமா? பக்கத்தில் இருக்கிற டவரின் கதவைத் தட்டும். 'என்னை உள்ளே சேர்த்துக்கொள்' என்று கேட்கும். பதில் வரவில்லை என்றால் கொஞ்சம் பலமாகத் தட்டும். அப்போதும் வரவில்லை என்றால் இன்னும் பலமாக. அத்தானுக்கு இது தினசரிச் சமாசாரம்.

"யாரோ போனை மேசையிலேயே மறந்துட்டுப் போயிருக்காங்க" என்றார் ஏணியம்மா. "அதான் தட்டுது."

அத்தான் திரையையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"டவர் முதல்ல கூப்பிடணும். அந்தக் குரல் கேட்டாத்தான் போன் தட்டும். இப்ப நம்ம பெட்டி ஒண்ணுகூடக் கூப்பிடல."

"அப்ப இது யாரைத் தட்டுது?"

டொக்.

தேடினார்கள். கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு, கிட்டே போனால் கோடு உயரும், விலகினால் தாழும், அப்படிப் பிடித்துவிடலாம் என்று. லிஃப்ட்டில் ஏறவில்லை, படியிலேயே போனார்கள். பத்தாவது மாடி. மேசைகள், கவிழ்த்து வைத்த தேநீர்க் கோப்பைகள், நாற்காலி முதுகில் யாரோ மறந்துபோன ஸ்வெட்டர். கோடு உச்சத்தில் இருந்தது. "இங்கதான்" என்றார் ஏணியம்மா. ஒன்பதாவது மாடிக்கு இறங்கினார்கள். அதே உயரம். எட்டு. அதே உயரம். கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடம்... அங்கேயும் அதே உயரம், ஒரு இழை குறையவில்லை. எந்தப் பெட்டிக்கு அடியில் போய் நின்றாலும், அது அந்தப் பெட்டிக்கு நேர் கீழேதான் நிற்கிறது என்று கருவி சொன்னது.

ஒரே போன். பத்து மாடி. எல்லாப் பெட்டிக்கும் அடியில்.

"மீட்டர் கெட்டுப்போச்சு" என்றார் அத்தான்.

வாடை ஒன்று வந்தது. ஏணியம்மாதான் முதலில் மூக்கைச் சுளித்தார். ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி நாள்கணக்கில் மறந்துபோனால் வருமே, அந்த வாடை. கூரையில் ஏசி காற்று வரும் சந்து வழியாக இறங்கியது. ஏசி ஓடவில்லை.

"டேய், நிறுத்து. எனக்கு பாத்ரூம் போகணும்."

போய்விட்டு வா. விளக்கைப் போடாதே, கண் கூசும்... என்ன, போகவில்லையா? சரி, உட்கார்.

பொழுது சாய்ந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே வானம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. தட்டல் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பலமாக இருந்தது. மிச்சமிருந்த இரைச்சல் முழுக்க அதுதான் என்று அத்தானுக்கு இப்போது புரிந்தது. எத்தனை மாதமாகவோ ஒன்று தட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாப் பெட்டியும் அதை முடியாது, முடியாது என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. திருப்பி அனுப்ப அனுப்ப அது இன்னும் பலமாகத் தட்டுகிறது. அந்தக் கூச்சலில்தான் மற்றவர்கள் பேச்செல்லாம் அறுந்துபோகிறது.

அந்த இடத்தில் அத்தான் ஒன்று செய்தார். யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். அவர் வேலை அது.

"உள்ள விட்டுடுறேன்" என்றார். "ஒரு பெட்டியை மட்டும் திறந்து வைக்கிறேன், யாரு வந்தாலும் சேர்த்துக்கன்னு. உள்ள வந்துட்டா தட்டறது நின்னுடும். அதோட நம்பரும் கிடைச்சுடும், யாரோடதுன்னு பார்த்துக் குடுத்துடலாம்."

ஏணியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "தெரியாதவங்களை எதுக்குத் தம்பி உள்ள விடணும்?"

"போன்தானே."

ஆறாவது மாடிக்கு வந்தார்கள். வராந்தா நடுவில் இருந்த பெட்டி. அதைத் திறந்தார்.

டொ—

பாதியில் நின்றது. திரையில் கோடு படுத்துவிட்டது. முழு அமைதி. அத்தான் மற்ற பெட்டிகளைப் பேச விட்டார். இரைச்சல் இல்லை. மாதக்கணக்காக யாராலும் முடியாத வேலை ஒரு பொத்தானில் முடிந்தது. கணினியில் 'இணைந்தவர்: 1' என்று காட்டியது. நம்பர் இருக்க வேண்டிய இடம் காலி.

அப்போது வராந்தாக் கூரையில் இருந்த அறிவிப்பு ஒலிப்பெருக்கி கரகரத்தது. டிட்டிட்-டிட்டிட்-டிர்ர்ர்... போன் அடிக்கப் போகும்போது பக்கத்தில் ரேடியோ இருந்தால் ஒரு சத்தம் வருமே, அது. வராந்தாவின் அந்தக் கடைசியில் இருந்த ஒலிப்பெருக்கி முதலில். அப்புறம் அதற்கு அடுத்தது. அப்புறம் இவர்கள் தலைக்கு மேல் இருந்தது.

"யாரோ பேசுறாங்க தம்பி" என்றார் ஏணியம்மா.

கணினியும் அதைத்தான் சொன்னது. இணைந்தது சும்மா இல்லை. பேசிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கமிருந்து பேச்சு போகிறது, அந்தப் பக்கமிருந்து பேச்சு வருகிறது. நிதானமாக. அத்தான் மிச்ச வேலையை முடித்து, கருவிகளைப் பெட்டியில் அடுக்கி, கேபிளைச் சுருட்டும் வரைக்கும் அது பேசி முடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அடுக்கினார்கள். பிறகு ஒலிப்பெருக்கி சட்டென்று ஓய்ந்தது.

கீழே வந்து இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தார் அத்தான். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மனைவிக்கு அடித்தார்.

"சொல்லுங்க, இது யார் போன்..." என்று ஆரம்பித்தவள், "ஓ, உங்க போன்தானா! சார்ஜ் ஏறிடுச்சா?" என்றாள்.

"எப்ப இறங்கிச்சு?"

"என்ன விளையாடுறீங்களா? சார்ஜ் தீர்ந்துடுச்சு, வேற போன்ல பேசுறேன்னு இவ்ளோ நேரம் பேசினீங்களே."

அத்தான் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்... என்ன பேசினேன்?"

"வீட்டுக்கு எப்படி வரணும்னு வழி கேட்டீங்க. எந்தத் திருப்பம், எத்தனாவது மாடி, எந்தக் கதவுன்னு. அசதியில தலை சுத்துது, ஒண்ணும் ஞாபகம் வரலேன்னீங்க. எனக்குப் பயமா போச்சு, வண்டி ஓட்டாதீங்கன்னு சொன்னேனே. அது சரி, 'வந்துடுறோம்'னீங்களே, கூட யாரு வர்றாங்க? எத்தனை பேருன்னு சொன்னாத்தானே சமைக்க முடியும்? கேட்டா, 'கதவை மட்டும் திறந்து வை'ன்னீங்க."

"கதவைத் திறந்து வச்சிருக்கியா?"

"நீங்கதானே சொன்னீங்க."

"சாத்து. உடனே சாத்து. அது நான் இல்ல!"

அவள் குரல் மாறியது. தாழ்ந்து, எச்சரிக்கையாக.

"இன்னொரு கால் வருது. அதே நம்பர்..." மூச்சு விடும் சத்தம். "அப்ப நீங்க யாரு?"

வைத்துவிட்டாள்.

அத்தான் திரும்ப அடித்தார். 'நீங்கள் அழைக்கும் எண் வேறொரு அழைப்பில் உள்ளது.' திரும்ப அடித்தார். 'நீங்கள் அழைக்கும் எண்...' காரை நோக்கி ஓடிக்கொண்டே கத்தினார்: "ஏணியம்மா! ஆறாவது மாடிப் பெட்டி! வயரைப் பிடுங்குங்க!"

அந்தம்மாவை நினைத்துப் பாருங்கள். இருட்டிவிட்ட கட்டடம். தனியாகத் திரும்ப ஏற வேண்டும். ஏறினார். காவலாளி படியடி வரைக்கும் வந்து நின்றுகொண்டார்.

சாலை காலியாகத்தான் இருந்தது. அத்தான் எந்த விளக்கையும் மதிக்கவில்லை. ஒரு கையில் வண்டி, ஒரு கையில் போன். அடிக்கிறார். 'வேறொரு அழைப்பில் உள்ளது.' அடிக்கிறார். 'வேறொரு அழைப்பில்...' அதற்குள் ஏணியம்மா கூப்பிட்டார். மூச்சு இரைத்தது.

"பிடுங்கிட்டேன் தம்பி. எல்லாப் பெட்டியும் கை சுடும், இது ஐஸ் மாதிரி இருந்துச்சு. நான் இனிமே இந்தக் கட்டடத்துக்கு வர மாட்டேன். என்னைக் கேக்காதீங்க."

மறுபடி மனைவிக்கு அடித்தார். மணி அடித்தது. எடுத்தாள்.

"வைக்காத. நான் சொல்றதை மட்டும் கேளு" என்றார் அத்தான். "அந்த ஆள் என்ன சொன்னான்?"

"லிஃப்ட்ல ஏறிட்டோம்னு சொன்னீங்க... சொன்னாரு. அதோட கட் ஆயிடுச்சு. லிஃப்ட்ல எப்பவும் கட் ஆகும்" என்றாள். பிறகு, "அதுவும் உங்க குரல்தான். நான் எதை நம்புறது?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

தான்தான் நிஜம் என்று அத்தான் எதைச் சொல்லி நம்ப வைப்பது? குழந்தையின் பிறந்த நாளைச் சொல்லலாமா, கல்யாண நாளைச் சொல்லலாமா... அதெல்லாம் அதற்கும் தெரிந்திருந்தால்? அப்போது அவருக்கே தெரியாமல் வாயில் வந்தது இதுதான்:

"அது உன்கூட எவ்ளோ நேரம் பேசிச்சு?"

"அரைமணி நேரம்... அன்பா."

"நான் என்னிக்காவது உன்கூட போன்ல அரைமணி நேரம் பேசியிருக்கேனா?"

செருப்பில்லாத கால்கள் ஓடும் சத்தம். கதவு அறைந்து சாத்தும் சத்தம். மேல்தாழ். கீழ்த்தாழ். பிறகு அவள் மூச்சு, போனுக்கு வெகு அருகில்.

"பாப்பா எங்க?"

"இங்கதான். என் காலைக் கட்டிக்கிட்டு நிக்கிறா." ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டாள் போல. "லிஃப்ட் வருதுங்க. ஆனா ஒவ்வொரு மாடியிலயும் நிக்குது. நின்னு, கதவு திறந்து, மூடி... ரெண்டாவது மாடி... மூணாவது..."

"கதவுகிட்ட நிக்காத. உள் அறைக்குப் போ."

"நாலாவது."

அவர்கள் வீடு ஐந்தாவது மாடி.

அத்தான் வண்டியை வாசலில் அப்படியே போட்டுவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் படியில் ஏறினார். லிஃப்ட் பக்கம் திரும்பவே இல்லை. ஐந்தாவது மாடி நெருங்க நெருங்கக் கேட்டது. பீப்... பீப்... பீப்... விடாமல்.

வந்து பார்த்தார். அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. யாரும் தொட்ட அடையாளமில்லை. எதிரே லிஃப்ட் திறந்தபடி நின்றது. உள்ளே குழல்விளக்கு பளிச்சென்று எரிந்தது. கண்ணாடியில் அத்தானின் முகம் மட்டும்தான் தெரிந்தது. வேறு யாரும் இல்லை. தரையில் ஒரு காகிதத்துண்டுகூட இல்லை. சுத்தம்.

கதவு மூடப் பார்க்கும், மூட முடியாமல் திறந்துகொள்ளும். மூடப் பார்க்கும், திறந்துகொள்ளும். பீப்... பீப்... கூரையிலிருந்து அந்தப் பதிவு செய்த பெண் குரல், மரியாதையாக:

"அதிக எடை. தயவுசெய்து சிலர் வெளியேறவும்."

அத்தான் தன் வீட்டுக் கதவில் முதுகை ஒட்டி நின்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "நீங்களா?" என்று கிசுகிசுத்தாள். "திறக்காத" என்றார். கண்ணை லிஃப்ட்டிலிருந்து எடுக்கவில்லை.

"அதிக எடை. தயவுசெய்து சிலர் வெளியேறவும்."

பீப்... பீப்... பீப்...

நின்றது.

லிஃப்ட் கதவு இந்த முறை ஒழுங்காக மூடிக்கொண்டது. கீழே இறங்கிப் போனது.

"அப்பாடா... போயிடுச்சா?"

லிஃப்ட் போய்விட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள்... எடை குறைந்தால்தானே அந்தச் சத்தம் நிற்கும்.